இறக்கிய பாரும் எறிந்த குப்பையும்

கடல் தனக்குரியதல்லாத எதனையும் தன்னுள் வைத்துக்கொள்ளாது, என்றோ ஒருநாள் கரையிலே கொண்டுவந்து போட்டுவிடும் என்பது கரையோர ஊர்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. வாடைக்காற்றுக் காலத்தில் மணலிலே ஒதுங்கிக் கிடக்கும் கட்டைகளையும் செருப்புகளையும் வெற்றுப் போத்தல்களையும் காண்பவர்க்கு அது மெய்யென்றே தோன்றும். ஆயினும் அலைக்குக் கீழே ஒரு முறையேனும் தலையைத் தாழ்த்திப் பார்த்தவன் அதனை நம்பமாட்டான். கரைக்குத் திரும்புவது பெரும்பாலும் மிதப்பது மாத்திரமே. மிதக்காதது அடியிலே தங்கிவிடுகின்றது. கடல் திருப்பித் தருவதைக் கொண்டு அது வைத்திருப்பதை மதிப்பிடுதல், வட்டியைக் கண்டு முதலை மறந்துவிடுவதை ஒக்கும்.

அடியிலே தங்கியவை யாவும் ஒரே தன்மையன அல்ல. சில, மனிதர் வேண்டுமென்றே இறக்கியவை. சில, தவறி வீழ்ந்தவை. வேறு சில, வேண்டாமென்று எறியப்பட்டவை. முதல் வகையைச் செயற்கைப் பார் என்று மதிக்கின்றோம். இறுதி வகையைக் குப்பையென்று இகழ்கின்றோம். விடுமுறைக் காலங்களில் நண்பர் சிலருடன் கரையிலிருந்து சுழியோடி, அத்தகைய பார் ஒன்றைத் துப்புரவாக வைத்திருக்க முயன்றுவரும் எனக்கு, இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு நாம் எண்ணுவதுபோல அத்துணைத் தெளிவானதன்று என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. அக்கோட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

பார் என்பது கடற்றொழிலாளரின் சொல். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் படுகைகளை முத்துப்பார் என்றே வழங்கினர். கல்லாயினும் முருகையாயினும், கடலடியில் வன்மையான தரை அமைந்திருக்கும் இடமே பார். அதனைச் சூழ்ந்துள்ள மணற்றரையை ஒரு வகையிற் பாலைநிலத்துக்கு ஒப்பிடலாம். அங்கும் உயிர்கள் உண்டு. எனினும் பற்றி நிற்பதற்கு ஊன்றுகோல் இல்லை. முருகைப் பூச்சியின் குஞ்சும் சிப்பியின் குஞ்சும் பிறந்தவுடன் நீரோடு நீராக மிதந்து திரிபவை. குறித்த காலத்துள் ஒட்டிக்கொள்ள ஒரு வன்றரை கிடைத்தால் அவை வாழும், கிடையாவிடின் மாளும். ஆதலால் மணல்வெளியில் ஒரு கல்லை இறக்குதல், குடியற்ற வெளியிலே ஒரு வீட்டைக் கட்டுதலுக்கு நிகரானது. முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் படரும். பின்னர்ச் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் வந்து சேரும். பொந்துகளை நாடிச் சிறுமீன்கள் வரும். அவற்றை நாடிக் கலவாயும் அஞ்சாலையும் வரும். கிளை முருகை சாதகமான நீரில் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு வளரக்கூடும். உருண்டைத் திரளாக வளரும் முருகையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். எனவே மனிதத் தலையளவு பருத்த ஒரு முருகைத் திரளைக் காலால் உதைத்து உடைப்பவன், ஒரு கணத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை உடைக்கின்றான்.

நாங்கள் செல்லும் பார் திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றில் உள்ளது. இடிந்துபோன பழைய இறங்குதுறை ஒன்றின் தூண்கள் அங்கே நீருக்குள் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு அப்பால், மீன் தங்கட்டும் என்று ஊரவர் முன்னொரு காலத்தில் இறக்கிய கொங்கிரீற் குழாய்களும் உடைந்த தோணியொன்றும் உள்ளன. ஆழம் மிகுந்த இடத்திலும் ஒன்பது மீற்றரைத் தாண்டாது. படகு வேண்டியதில்லை, கரையிலிருந்து நடந்து இறங்கி, சிறிது தூரம் நீந்தினாற் போதும். கரையிலிருந்து சுழியோடுதலின் சிறப்பும் இடரும் இதுவே. எவரும் செல்லலாம் என்பதனால் எவரும் எறியலாம் என்பதும் உடன் வருகின்றது. படகேறிச் செல்ல வேண்டிய பாருக்குத் தூரமே காவல். கரையை அடுத்துள்ள பாருக்கு அக்காவல் இல்லை.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையுமே அக்கடல் எங்களுக்கு இடங்கொடுக்கும். அதன்பின் வாடை எழுந்து நீரைக் கலக்கிவிடும். இடங்கொடுக்கும் மாதங்களிலும் காற்றைப் பார்த்தே இறங்க வேண்டும். மேற்கிலிருந்து வீசும் கச்சான், கிழக்குக் கரையிலே தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்வது. அதனால் கரையோர நீர் கண்ணாடிபோலச் சமனாகக் காணப்படும். அதே காற்றுத்தான், களைத்துப்போன நீச்சற்காரனைக் கரையிலிருந்து சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டு போவதும். அமைதியான கடலை அஞ்ச வேண்டும் என்று மூத்த கடலோடிகள் கூறுவதன் பொருளை அங்கேதான் அறிந்துகொண்டேன்.

மனிதரின் நோக்கம் எதுவாயினும் கடலடி உயிர்கள் அதனை விசாரிப்பதில்லை. இதற்குத் திருகோணமலையே தக்க சான்று. 1622ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தபோது, அதன் கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. தூண்களும் செதுக்குக் கற்களும் சில சுவாமி மலையின் அடியிலே கடலிற் கிடந்தன. 1956ஆம் ஆண்டளவில் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடி அவற்றைப் பற்றி உலகறியச் செய்தனர். மனிதரின் பகைமையால் வீழ்ந்த கற்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மீன்களுக்கு நிழலாகிவிட்டிருந்தன. அவ்வாறே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இன்று ஒரு பெரும் பாராகவே விளங்குகின்றது. அதே நாளில் திருகோணமலைத் துறைமுகத்தில் எரிந்த சகாயிங் என்னும் கப்பலை அடுத்த ஆண்டிலே அத்துறைமுகத்தினுள்ளேயே மூழ்கடித்தனர். 2018ஆம் ஆண்டு கடற்படைச் சுழியோடிகள் அதனை மேலே மிதக்கச் செய்து அப்புறப்படுத்தும் வரையில், எழுபத்தைந்து ஆண்டுகள் அது நீருக்குள் இருந்தது.

இவையெல்லாம் தற்செயலாய் அமைந்தவை. திட்டமிட்டுப் பார் அமைக்கும் வழக்கமும் பழையதே. மூழ்கிய கப்பலைச் சூழ மீன் திரள்வதைக் கண்ட ஜப்பானிய மீனவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மரச்சட்டங்களைச் செய்து கடலில் இறக்கினர் என்பர். தமிழ்நாட்டிலே தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான் தீவு 1969ஆம் ஆண்டிற் சுமார் 16 ஹெக்ரேயராக இருந்து, 2015ஆம் ஆண்டளவில் சுமார் 2 ஹெக்ரேயராகச் சுருங்கிவிட்டது. அதனைக் காப்பதற்காக அவ்வாண்டு முதல் ஆயிரக்கணக்கான கொங்கிரீற் அமைப்புகள் கடலில் இறக்கப்பட்டன. அவை அலையையும் தணித்தன, மீனுக்கும் உறைவிடமாயின. எமது நாட்டில் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெடுந்தீவுக் கடலில் பழைய பஸ்களின் கூடுகள் இறக்கப்பட்டதை வாசகர் அறிவர். மீன் பெருகும் என்பது ஒரு சாரார் கருத்து. தம் வலைகள் அவற்றிற் சிக்கிக் கிழியும் என்பது பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள இராமேசுவரம் மீனவரின் முறைப்பாடு. ஒரே இரும்புக்கூடு, அடிமட்ட இழுவைமடியால் அவதியுற்ற கரையிலே அரணாகவும், இழுவைமடி செலுத்தும் கரையிலே கேடாகவும் தோன்றுவதைக் காணும்போது, குப்பை என்ற சொல்லுக்கு அகராதி மாத்திரம் பொருள் தந்துவிட முடியாது என்பது தெளிவாகும்.

இத்துறையில் உலகத்துக்கே பாடமாக நிற்பது புளோரிடாவின் ஒஸ்போர்ன் பார். 1970களின் முற்பகுதியில் லோடர்டேல் கோட்டை நகருக்கு அப்பால், கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் தூரத்தில், சுமார் இருபது மீற்றர் ஆழத்தில், இருபது இலட்சம் அளவிலான பழைய ரயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினர். மீன் பெருகும், நகரின் பழைய ரயர்களும் ஒழியும் என்று ஒரே செயலால் இரு பயன் கருதினர். உப்புநீர் இரும்புப் பிணைப்புகளை அரித்தது. நைலோன் கட்டுகளும் தளர்ந்தன. ரயர்கள் பிரிந்து, சூறாவளிக் காலங்களில் உருண்டோடி, அயலிலிருந்த இயற்கை முருகைப் பார்களிலே மோதி அவற்றைச் சிதைத்தன. அசையும் பொருளின்மீது முருகை வளர்வதும் அரிதாயிற்று. 2007ஆம் ஆண்டு தொடங்கி இராணுவச் சுழியோடிகளைக் கொண்டு அவற்றை மீட்கும் வேலை நடைபெற்றது. இறக்குவதற்குச் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன. ஏற்றுவதற்கோ தசாப்தங்கள் போதவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் கருத்து ஒன்று உண்டு. வேண்டாத பொருளை ஒழிக்கும் விருப்பம், நற்பணி என்னும் போர்வையைப் போர்த்துக்கொள்ளும் இடத்திலேதான் நாம் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். பாரை அமைக்க விரும்புபவன், மீனுக்கு எது தகும் என்று முதலிற் கேட்பான். கழிவை ஒழிக்க விரும்புபவன், கையிலுள்ளது எதுவோ அது மீனுக்குத் தகும் என்று கூறிவிடுவான். முன்னவன் இறக்கிய பின்பும் சென்று பார்ப்பான். பின்னவனுக்கு மீண்டும் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

நல்ல நோக்குடன் அமைத்த பாருக்கும் ஒரு தீவினை உண்டு. சொரசொரப்பும் பொந்தும் விளிம்பும் உடையதாக இருப்பதாலேதான் அது உயிர்களைப் பற்றிக்கொள்கின்றது. அதே இயல்பினாலே குப்பையையும் பற்றிக்கொள்கின்றது. மணலிலே உருண்டு போய்விடக்கூடிய பொலித்தீன் பை, தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பை முருகைமீது போர்த்து ஒளியை மறைக்கும். முருகையின் உடலுக்குள் வாழும் நுண்பாசியோ ஒளியால் உணவாக்குவது. ஒளி மறைந்தால் அது முருகைக்குப் பட்டினி. வாழ்வுக்கு வழியான அதே வாசலால் அழிவும் நுழைகின்றது. எனவே பார் ஒன்றை அமைத்தல், அதனைத் துப்புரவாக்கும் கடனையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகும்.

எங்கள் பாரிலே நாங்கள் காண்பவை வியப்பூட்டுவன அல்ல. சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீன் தாள், மென்பானப் போத்தல், ரெஜிபோம் துண்டு, செருப்பு, பால்மாப் பை, தூண்டிற் கொளுக்கி, ஈயக்குண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கூசி. இவற்றிற் பெரும்பாலானவை கடலிலே பிறந்தவை அல்ல. மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. மலைநாட்டின் மழையோடு மலைநாட்டின் குப்பையும் அவ்வழியே வரக்கூடும். கரையிலே சிற்றுண்டி உண்ணும் சுற்றுலாக் கூட்டத்தாரும், நேர்த்திப் பொருளைப் பையோடு கடலில் விடும் அடியாரும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றனர். மேற்குக் கரையிலே 2021ஆம் ஆண்டு மே மாதம் தீப்பற்றி ஜூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் சேர்ந்ததை நாம் பேரழிவு என்றோம். அது பேரழிவே. ஆனால் பெயரும் திகதியும் உடைய அழிவைக் கண்டு கலங்கும் நாம், பெயரும் திகதியும் இன்றி ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் வழியே செல்லும் அழிவை அழிவென்று எண்ணுவதில்லை.

எல்லாவற்றிலும் இக்கட்டானது வலை. பாரிலே சிக்கிக் கைவிடப்பட்ட வலை, பிடிப்பார் இன்றியே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கிய மீன் இறந்தால் அதனைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும், அதனை நாடி வேறொன்று வரும். பேய்வலை என்று அதற்குப் பெயரிட்டிருப்பது மிகப் பொருத்தமே. தங்கூசி வலையை இந்நாட்டிற் சட்டம் தடைசெய்து ஆண்டுகள் பல ஆகியும், பாரின் தூண்களிலே சுற்றியிருப்பவற்றுள் அதுவே மிகுதி. ஒரு முறை, தோணியின்மீது விரிந்து கிடந்த பெரியதொரு வலையை அகற்றத் திட்டமிட்டு, அதற்கு முன் கரையிலே விசாரித்தோம். அவ்வலைக்கு உரியவராகிய சம்மாட்டியார் ஒருவர் எங்களைத் தம் வாடியிலே இருத்தித் தேநீர் தந்தார். பின்னர்ச் சொன்னார்:

"தம்பி, நீங்கள் குப்பை எண்டு சொல்லுறது என்ர வலை. அதுக்கு வாங்கின கடன் இன்னும் முடியேல்லை. வலையைக் கடலிலை விட்டிட்டு ஒருத்தனும் சிரிச்சுக்கொண்டு வீட்டை போறதில்லை."

"ஐயா, அது கிடக்கிற இடத்திலை மீன் செத்துச் செத்துக் கிடக்குது. நாளைக்கு உங்களுக்குப் பிடிக்கிறதுக்கு மீன் வேணுமே?" என்றான் என் நண்பன்.

சம்மாட்டியார் சற்று நேரம் பேசாதிருந்தார். "அதுவும் உண்மைதான். வெட்டாமல் எடுக்கக்கூடிய பக்கத்தை நான் படகிலை நிண்டு இழுக்கிறன். கல்லோடை பிடிச்சதை நீங்கள் வெட்டுங்கோ. ஈயத்தையும் கயிற்றையும் மட்டும் எனக்குத் தாங்கோ" என்றார்.

அவ்வாறே செய்தோம். அன்று முதல் அவர், யாருடைய வலை எங்கே சிக்கிற்று என்பதை எங்களுக்கு அறிவித்து வருகின்றார். இந்த உரையாடல் எனக்குப் புகட்டிய பாடம் பெரிது. துப்புரவு செய்பவன் தன்னை அறியாமலே ஒரு நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகின்றான். தான் தூய்மையை நாடுபவன், எதிரே நிற்பவன் அழுக்காக்குபவன் என்று எண்ணுகின்றான். வலை குப்பையாவது, அதனை விட்டவன் தீயவன் என்பதனால் அன்று. அதனை மீட்க அவனிடம் வழியில்லை என்பதனாலே. இழந்த வலையை அறிவிக்கவும், பழுதான வலையைக் கையளிக்கவும் கரையிலே ஓர் இடமும் ஒரு சிறு ஈடும் இருக்குமாயின், கத்தியோடு நாங்கள் இறங்க வேண்டிய நாட்கள் குறைந்துவிடும்.

வலையிலும் நுட்பமான சிக்கலொன்றை ஒரு போத்தல் எழுப்பிற்று. அதனுள்ளே சிறிய பேய்க்கணவாய் ஒன்று தன் எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு இருந்தது. வாசலில் ஒரு சிப்பி ஓட்டைக் கதவுபோல இழுத்து வைத்திருந்தது. வெளியிலே கடற்பஞ்சும் சிப்பியும் படர்ந்திருந்தன. அதனை எடுப்பதா, விடுவதா? எடுக்க வேண்டும், குப்பை குப்பையே என்றான் ஒருவன். ஒரு குடியைக் கலைத்துவிட்டுத் துப்புரவு என்று பெயரிடுவதா என்றான் மற்றவன். கரைக்கு வந்தபின்னும் அவ்வாதம் நெடுநேரம் நீண்டது. நாங்கள் இறுதியிற் கண்ட முடிவு இது: கண்ணாடியும் கல்லும் போல நஞ்சு கக்காததாய், அசையாததாய், உயிர்கள் படர்ந்ததாய் உள்ளதை விட்டுவிடுதல். பொலித்தீன், தங்கூசி, மின்கலம் முதலியவற்றை, உள்ளிருக்கும் உயிரை மெல்ல வெளியேற்றிய பின்னர், எவ்வாறாயினும் எடுத்தல். ஏனெனில் பிளாஸ்ரிக்கு வீடாக நடித்தாலும் நாளடைவில் நுண்துகளாகப் பிரிந்து, தன்னிடம் தங்கிய உயிரின் வயிற்றுக்குள்ளேயே செல்லக்கூடியது. ஐயம் எழுந்தால் அன்று தொடாதிருந்து அடுத்த முறை பார்த்தல். அந்தக் கண்ணாடிப் போத்தல் இன்னமும் அங்கேயே கிடக்கின்றது. எறிந்தவன் குப்பையாக எறிந்தான். கணவாய் அதனை வீடாக்கிற்று.

இவ்வேலையை மேற்கொள்ள விரும்பும் மாணவர்க்குச் சில நடைமுறைகளைக் கூறுதல் பொருந்தும். தனித்து ஒருபோதும் இறங்கலாகாது. ஒருவர் கீழே செல்லும்போது மற்றவர் மேலே நின்று பார்த்திருத்தல் வேண்டும். மூச்சடக்கிச் செல்பவன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு இறங்கக் கூடாது. அவ்வாறு செய்வதால் குருதியிலுள்ள காபனீரொட்சைட்டுக் குறைந்து, மூச்சுக்கான உந்துதல் தாமதமாகி, மேலெழும் வேளையில் ஒட்சிசன் போதாது மயக்கம் நேரும். பல நல்ல நீச்சற்காரர் மாண்டது இவ்வாறே. காற்றுச் சிலிண்டரோடு செல்பவனுக்கு விதி மறுதலையானது: மேலெழும்போது அவன் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பினதைப் போல இரு மடங்கு. அங்கே நுரையீரலில் நிறைந்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். உரிய பயிற்சியின்றிச் சிலிண்டரைத் தோளிலே ஏற்றலாகாது.

வலையை விளிம்பிலிருந்து சிறு சிறு துண்டாக வெட்ட வேண்டும். இழுத்தால் முருகையும் உடன் வரும். முனை மழுங்கிய கத்தியே ஏற்றது. பாரமான பொருளை உடலோடு கட்டிக்கொண்டு மேலெழ முயலலாகாது. அதனைக் கயிற்றிற் கட்டிக் கரையில் நிற்போரிடம் விடுதல் வேண்டும். எங்கள் கரை 1942இல் குண்டுவீச்சையும் பின்னர் நெடிய போரையும் கண்ட கரை. ஆகையால் இன்னதென்று தெரியாத உலோகப் பொருள் எதனையும் தொடாது, இடத்தைக் குறித்துக்கொண்டு, உரியவர்க்கு அறிவித்தலே முறை. எடுத்தவற்றைக் கரையில் வகை பிரித்து எழுதி வைத்தலும் இன்றியமையாதது. எது மிகுதியாக வருகின்றது என்று தெரிந்தாலன்றி, அது எங்கிருந்து வருகின்றது என்று கேட்க முடியாது. எழுதி வைக்காத துப்புரவு, காரணம் அறியாது கொடுக்கும் மருந்து போன்றது.

ஒருநாட் துப்புரவின் மீது எனக்குக் குறையுண்டு. செப்ரெம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையைச் சூழ உலகெங்கும் கரையோரத் துப்புரவு நடைபெறுகின்றது. நமது நாட்டிலும் பதாகையோடும் தொப்பியோடும் கூட்டம் வரும், படம் பிடிக்கப்படும், மாலையில், வந்தவர்க்கு வழங்கிய தண்ணீர்ப் போத்தல்களிற் சில மணலிலே கிடக்கும். அந்நாளை நான் இகழவில்லை. பலர் முதன்முதலாகக் கடலைக் குனிந்து பார்ப்பது அந்நாளிலேதான். ஆயினும் பார் ஆண்டு முழுவதும் நீருக்குள் நிற்பது. அதற்கு வேண்டியது விழா அன்று, முறை.

அந்த முறையை நாம் வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. கிழக்கிலங்கையின் வயல்களுக்கு வட்டவிதானை உண்டு. நீர் எவ்வயலுக்கு எப்பொழுது செல்ல வேண்டும், எவர் வாய்க்காலைத் துப்புரவு செய்யவில்லை என்பவற்றைக் கண்காணிப்பது அவர் பொறுப்பு. குளம் எவருடையதும் அன்று என்பதனால் அதனை எவரும் பாராதிருந்துவிடக்கூடும் என்பதை உணர்ந்தே, நம் முன்னோர் அதனைப் பார்ப்பதற்கென்று ஒருவரை வைத்தனர். குளங் கட்டியவனின் பெயரைக் கல்வெட்டிலே காணலாம். குளத்தைக் காத்தவர்களின் பெயர் கல்லிலே இல்லை. எனினும் நீர் இன்றும் வயலுக்குச் செல்வது அப்பெயரில்லாதவர்களாலேயே. கடலடியில் நாம் இறக்கும் பார்களுக்கு இத்தகைய வட்டவிதானை எவரும் இல்லை. இறக்கும் நாளில் அதிகாரிகளும் ஒளிப்படக்காரரும் இருப்பர். ஐந்து ஆண்டுகளின் பின் அதன் கம்பி அரித்துவிட்டதா, அதிலே எத்தனை வலை சிக்கியுள்ளது, மீன் உண்மையிலே பெருகிற்றா அன்றி அயலிலிருந்த மீன் வெறுமனே அங்கு கூடிற்றா என்று கேட்பவர் எவர்? இந்த இறுதி வினா அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுவது. பார் மீனைப் பெருக்குகின்றதா, அல்லது திரட்டிப் பிடிப்பவன் கையிலே எளிதாகக் கொடுத்துவிடுகின்றதா என்பது அந்தந்தப் பாரைத் தொடர்ந்து கவனித்தாலன்றித் தெரியாது.

கலைப்பீட மாணவனுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்போர் உளர். தமிழிலக்கியம் கடற்கரைக்கு நெய்தல் என்று பெயரிட்டு, இரங்கலை அதன் உரிப்பொருளாக்கிற்று. கடலிற் சென்றவனுக்காகக் கரையில் நின்று கலங்குவோரின் குரலே அத்திணையிற் பெரிதும் ஒலிக்கின்றது. கடலை நாம் கரையில் நின்றே கண்டு பழகிவிட்டோம். முத்தெடுப்போரை விடுத்தால், அதன் அடியைக் காண வேண்டிய தேவை நம்மவரிற் பெரும்பாலார்க்கு நேர்ந்ததில்லை. காணாத ஒன்றை இழந்தால் இரங்கவும் முடியாது. எனவே கடலடியை எமது மொழியிலே காட்டுதல், அங்குள்ளவற்றுக்கு மீனவர் வழங்கும் பெயர்களைச் சேர்த்து வைத்தல், இழந்தவனுக்கும் எடுப்பவனுக்கும் இடையே நின்று பேசுதல் ஆகிய யாவும் எங்கள் கல்வியின் எல்லைக்கு உட்பட்டவையே. விஞ்ஞானபீட நண்பர்கள் முருகையை அளக்கட்டும். சம்மாட்டியாரின் கடனை அறிந்துகொள்வதற்கு வேறு வகையான அளவுகோல் வேண்டும்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட அந்தக் கோட்டைப் பற்றி இப்பொழுது ஒன்று துணிந்து கூறலாம். பாரையும் குப்பையையும் வேறுபடுத்துவது பொருள் மாத்திரம் அன்று. இரும்பு இரண்டாகவும் ஆகக்கூடும். எண்ணம் மாத்திரமும் அன்று. ஒஸ்போர்னில் எண்ணம் நன்றாகவே இருந்தது. இறக்கியவரோ அவர் வழிவந்தவரோ மீண்டும் சென்று பார்க்கின்றனரா என்பதே அவ்வேறுபாடு. பார்ப்பாரற்றுப்போன நற்பணியும் நாளடைவிற் குப்பையாகும். பார்ப்பவர் உள்ள இடத்தில் இடிந்த துறையும் ஊருக்குச் சோறு போடும். அடுத்த வாடை ஓய்ந்து, மாசி பங்குனியில் நீர் தெளியத் தொடங்கும்போது, அதன் அடியிலே என்ன சேர்ந்துள்ளது என்று அறிய எவரேனும் இறங்க வேண்டியிருக்கும். இவ்வாண்டு எங்களிடம் முகமூடிகள் நான்கு உள்ளன, வருபவர் மூவர். நான்காவது முகமூடியை அணிபவர் இவ்விதழின் வாசகர்களுள் ஒருவராக இருப்பாராயின் மகிழ்வோம்.